கித்தேரியம்மாள் கொடி யார் கைக்கு?

தலை போனாலும் போகட்டும், பிடிக்காதவனுக்குக் கழுத்தை நீட்டமாட்டேன் என்று நின்று, அப்படியே தலையைக் கொடுத்தவள் கித்தேரியம்மாள். நாய்க்கடிக்கும் அந்தக் கன்னி வேதசாட்சிதான் காவல். தேரிக்குடியில் அவளுக்கு ஒரு கோயில் உண்டு. அந்தந்த வருஷம் அவளிடம் கேட்டதைக் கேட்டபடியே, ஒன்று குறையாமல் பெற்றவர்தான் திருவிழாக் கொடியை ஏந்தலாம். பெற்ற வரத்தை ஊரறியச் சொல்லிவிட்டு ஏந்த வேண்டும். சொன்ன வரத்துக்கு எதிராக அப்புறம் யாரும் மூச்சு விட முடியாது. இனிக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

பர்னபாஸ் பெண் பார்க்க வருகிறான் என்றதும் ரெஜினாள் கோயிலுக்கு ஓடினாள். தன் மீசையைத் தவிர வேறு எதைப் பற்றியும் பேசத் தெரியாத மனிதன் அவன். "அவன் எங்க வீட்டுப்படி ஏறக் கூடாது, தாயே" என்று நேர்ந்துகொண்டாள்.

படிக்கு இரண்டடி இருக்கும்போது, பக்கத்து வீட்டுச் சலேத்தின் நாய் ராஜா வந்து மாப்பிள்ளையின் கெண்டைக்காலைக் கவ்வியது. ஊரே தடியெடுத்தது. ரெஜினாள் நாயைத் தன் அடுப்பங்கரைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ராஜா பொழைச்சு என் வீட்டுக்குத் திரும்பி வரணும்" என்று சலேத்து நேர்ந்தான். "எனக்கு வெறி பிடிக்கக் கூடாது, இந்த மாசமே கல்யாணம் நடக்கணும்" என்று பர்னபாஸ் நேர்ந்தான். ஆஸ்பத்திரி ஊசியில் ஒன்றையும் அவன் விடவில்லை.

இரண்டு மாதம் ஓடியது. பர்னபாஸ் குணமானான். மீன்குழம்பு ருசி கண்ட நாய் ரெஜினாளின் அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை, நன்றாகக் கொழுத்திருந்தது.

கொடியேற்றத்தன்று மூவரும் பங்குச்சாமியார் முன் வந்து நின்றார்கள். ரெஜினாளின் அப்பா இன்னாசி அவள் காதருகே, "கொடி மாப்பிள்ளை கைக்குப் போகட்டும். ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிரலாம்" என்றார்.

சாமியார் கொடியை யாரிடம் கொடுப்பது சரி? சொல்லுங்கள்.

விடை: ரெஜினாளிடம்தான். பர்னபாஸுக்கு வெறி பிடிக்கவில்லை, ஆனால் சொன்ன மாதத்தில் கல்யாணமும் நடக்கவில்லை. நாய் பிழைத்தது, வீடு திரும்பவில்லை. இருவருக்கும் பாதி வரம். அவளுக்குத்தான் முழுசு: நாய் கடித்ததிலிருந்து பர்னபாஸ் அந்தப் படியை மிதிக்கவேயில்லை. "இவர் எங்க வீட்டுப்படி ஏறக் கூடாதுன்னு கேட்டேன். அம்மா நடத்திக் குடுத்தாங்க" என்று ஊரறியச் சொல்லிவிட்டுக் கொடியை வாங்கினாள். இன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொடிக்குப் பின்னால் நடந்தார். பர்னபாஸின் அம்மா மகனைக் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடா போகலாம். கித்தேரியம்மா இந்தத் தடவை நாயை அனுப்பினதோட விட்டாங்க."