பாலம் இல்லை என்றவர்

வேதாசலம் சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையில் வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தே எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் தவறியதில்லை.

வீட்டிலும் அப்படித்தான் இருந்தார். மகள் கட்டிக்கொள்ள விரும்பிய பையன் எதையோ மறைக்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. விசாரித்தார். அவன் ஏற்கெனவே கல்யாணமாகி விவாகரத்து ஆனவன். மகளுக்கே அது தெரியாது. நிச்சயதார்த்தத்தன்று எல்லோர் முன்னாலும் வேதாசலம் அதைப் போட்டு உடைத்தார். கல்யாணம் நின்றது. அன்றிலிருந்து மகள் அவரோடு பேசுவதில்லை.

"நான் சொன்னதுல ஒரு எழுத்து பொய் இல்லை" என்பார், யாராவது கேட்டால்.

ஏற்காட்டில் மங்கையர்க்கரசி என்று ஓர் அம்மா இருந்தார். டெல்லியில் பல வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஒரு சின்ன வீட்டில் தியானம் சொல்லிக்கொடுத்தார். வேதாசலத்தைவிட இளையவர். அவரிடம் சேரும் முன்பு அவரைப் பற்றியும் வேதாசலம் நாலு இடத்தில் விசாரித்தார். எதுவும் அகப்படவில்லை. அதன் பிறகுதான் அவர் எதிரில் கண்ணை மூடி உட்கார்ந்தார்.

ஒருநாள் கேட்டார்.

"ஒருத்தரை நம்பலாமா கூடாதான்னு எப்படிம்மா தெரிஞ்சுக்கிறது?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "அடுத்த மாசம் ஸ்பிதிக்குப் போறேன் சார். இமயமலையில நடை. வழியில பழைய புத்த மடங்களைப் பார்க்கலாம். நீங்களும் வாங்க."

கேட்டதற்கு இது பதில் இல்லை என்று வேதாசலத்துக்குப் பட்டது. இருந்தாலும் கிளம்பினார்.

வழிகாட்டியின் பெயர் தக்பா. நாற்பதைத் தாண்டிய ஆள், ஒல்லியான உடம்பு. கூடாரத்தையும் சாமானையும் சுமக்க ஒரு கோவேறு கழுதை வைத்திருந்தார். பேசும்போது ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டார். கழுதையின் காதைப் பார்த்துப் பேசுவார். வேதாசலம் முதல் நாளே அதைக் கவனித்தார்.

தக்பா பேசியது இந்தி. வேதாசலத்துக்கு இந்தி தெரியாது. அம்மாவும் தக்பாவும் முன்னால் பேசிக்கொண்டே நடப்பார்கள். பின்னால் வருகிற வேதாசலத்துக்கு அம்மா ஒரு வரியில் சொல்வார்.

"நாளைக்குக் காத்து ஜாஸ்தியா இருக்குமாம்."

"இவ்வளவு நேரம் இதைத்தான் சொன்னானா?"

"இல்லை. அவர் பொண்டாட்டிக்குப் பல்வலியாம். அதையும் சொன்னார்."

வேதாசலம் நம்பவில்லை. அன்று கைப்பையை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தார்.

முதல் மடத்தில் மூத்த பிக்கு ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருட்டு. வெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் சுவர் முழுக்க புத்தர்கள் தெரிந்தார்கள். மண்சுவரில் தீட்டிய நிறங்கள், புகை படிந்தும் மங்காமல் இருந்தன. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். வேதாசலம் வாசலைத் திரும்பிப் பார்த்தார். தக்பா வெளியே நின்றிருந்தார். வாசலில் இருந்த பிரார்த்தனை உருளையை ஒருமுறை சுற்றிவிட்டார், அவ்வளவுதான். அடுத்த மடத்திலும் அவர் உள்ளே வரவில்லை. பிக்குகள் வெளியே வந்தபோது கழுதையின் அந்தப் பக்கமாகப் போய் நின்றுகொண்டார்.

"புத்த மதத்துக்காரன். கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேங்கிறான். பிக்குவைக் கண்டா ஒளியறான். ஏதோ இருக்கும்மா."

"ஆமா. ஏதோ இருக்கு" என்றார் அம்மா.

அதை அவர் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது வேதாசலத்துக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் கெர்லே என்ற ஊருக்குப் போவதாகத் திட்டம். ஆற்றின் குறுக்கே ஒரு மரப்பாலம். தாண்டினால் ஊர், ஊரின் தலைமாட்டில் மடம். காலையில் கழுதைக்குச் சாமான் ஏற்றும்போதே தக்பா சொன்னார். பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலே ஏறி, இந்தக் கரையிலேயே குறுக்கிடும் ஓர் ஓடையைத் தாண்டி, மலைமுகட்டு வழியாகத்தான் போக முடியும். கெர்லேவைப் பார்க்க முடியாது.

அம்மா மொழிபெயர்த்து முடிப்பதற்குள் வேதாசலம் சொன்னார். "பொய்."

"எப்படிச் சொல்றீங்க?"

"நாம எதுவும் கேக்கலை. அவனா வந்து சொல்றான். பெட்டியில தங்கம் வச்சிருக்கிறவன்தான், கேக்கறதுக்கு முன்னாடியே 'துணிதான் சார் இருக்கு'ம்பான்."

அம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நடக்கலாம் சார்."

மேல்வழி கடினமாக இருந்தது. பாதை என்று ஒன்றும் இல்லை. காலின் கீழ் சரளை நழுவியது. ஆள் நடமாட்டமே இல்லாத இடத்துக்கு எதற்காகக் கூட்டிப் போகிறான் என்று வேதாசலம் யோசித்துக்கொண்டே ஏறினார். விமான நிலையத்தில் பார்த்த அத்தனை முகங்களும் ஞாபகத்துக்கு வந்தன.

ஓடையில் தக்பா முதலில் இறங்கினார். கழுதையை அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, கோலால் தட்டித் தட்டி எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று காட்டினார். அம்மா அந்தக் கற்களில் கால் வைத்துப் போய்விட்டார். வேதாசலம் வேறு ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்தார். அது பெரிதாக, தட்டையாக இருந்தது. கால் வைத்ததும் புரண்டது.

இடுப்பு வரை தண்ணீர். மூச்சு நின்றுவிட்டது போல இருந்தது. தக்பா அவருடைய பையின் வாரைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். காலுறையைக் கழற்றி, பாதங்களைத் தன் சட்டைக்குள் வயிற்றோடு வைத்துச் சூடேற்றினார். அந்த வயிறு நடுங்குவது பாதத்தில் தெரிந்தது.

சாயங்காலம் கூடாரத்தில் வேதாசலம் சொன்னார். "நல்லவன்னு காட்டிக்கிறான்."

அம்மா அவருக்கு இன்னொரு குவளை தேநீர் ஊற்றினார்.

அடுத்த நாள் காலை முகட்டை அடைந்தார்கள். கற்களைக் குவித்து அதில் கொடிகள் கட்டியிருந்தார்கள். காற்றில் அவை படபடத்தன. வேதாசலம் விளிம்பில் போய் நின்றார். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் திறந்து கிடந்தது. பச்சைத் துண்டுகளாக பார்லி வயல்கள், வெள்ளை வீடுகள், மேலே ஒரு மடம். அதன் கீழே ஆறு. ஆற்றின் மேல் பாலம்.

பாலத்தில் ஒருவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

வேதாசலம் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். தக்பாவையும் கூப்பிட்டார். விரலை நீட்டினார். மொழி தேவைப்படவில்லை.

தக்பா பாலத்தைப் பார்த்தார். கழுதையின் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தார். வெகு நேரம் பேசினார். அம்மா இந்த முறை முழுவதையும் சொன்னார்.

தக்பா அவர் வீட்டில் கடைசிப் பிள்ளை. பால்பல் விழும் வயதில் அவரைக் கெர்லே மடத்தில் விட்டார்கள். அங்கே ஒரு பிக்கு அவரை வளர்த்தார். எழுத்து, மந்திரம், சுவரில் படம் தீட்டுவது எல்லாம் அவர் கற்றுக்கொடுத்தது. மீசை முளைத்த பிறகு தக்பா ஒரு பெண்ணைக் கண்டார். ஒருநாள் விடிவதற்குள் காவி உடையை மடித்து வாசலில் வைத்துவிட்டு அந்தப் பாலத்தைத் தாண்டி வந்தவர்தான். அதன் பிறகு அந்தப் பக்கம் போனதில்லை. அந்தப் பிக்கு இன்னும் உயிரோடு இருக்கிறார். வெயில் இருக்கும்போதெல்லாம் பாலத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பார் என்று கேள்வி.

"அவர் திட்டுவார்னு பயமா, கேளுங்க" என்றார் வேதாசலம்.

அம்மா கேட்டார். தக்பா தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார்.

"திட்ட மாட்டாராம். அதனாலதான் போக முடியலையாம்."

வேதாசலம் சிரித்தார். "இப்படி எத்தனை கதை கேட்டிருப்பேன். பெட்டியோட மாட்டினவன் எல்லாருக்கும் ஊர்ல அம்மா சாகக் கிடப்பா." பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "பாலம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். முந்தின ஊர்ல தங்கின வீட்டுக்காரங்க சொன்னாங்க."

"தெரிஞ்சுமா வந்தீங்க? நான் ஓடையோட போயிருப்பேன்."

"அவரால அந்தப் பக்கம் போக முடியலைங்கிறது தெரிஞ்சுது. ஏன்னு தெரியலை."

வேதாசலம் அம்மாவின் முகத்தையே பார்த்தார். பெட்டியைத் திறக்கச் சொல்லும் முன் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நான் கீழே போறேன். அப்படி ஒரு பிக்கு இருக்காரான்னு பார்த்துட்டு வரேன். இல்லைன்னா, இவனோட நான் ஒரு அடி வர மாட்டேன். உங்களோடயும் வர மாட்டேன்."

"போய்ட்டு வாங்க" என்றார் அம்மா.

ஆட்டுத் தடம் முகட்டிலிருந்து பாலம் வரை தெளிவாகத் தெரிந்தது. வேதாசலம் எதற்காகப் போகிறார் என்று அம்மா தக்பாவிடம் மறைக்காமல் சொன்னார். தக்பா எழுந்து வந்து, பாலத்துக்கு முன்னால் ஒரு நாய் இருக்கும் என்றும், ஓடினால்தான் துரத்தும் என்றும் சொல்லச் சொன்னார். தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் கேட்கவில்லை என்று வேதாசலம் இறங்கும்போது அதையும் சந்தேகப்பட்டார்.

நாய் இருந்தது. வேதாசலம் ஓடவில்லை. அது அவரை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

பாலத்தைத் தாண்டியதும் ஒரு சுவரோரமாக வெயிலில் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளுத்துப்போன காவி. கையில் ஜெபமாலை. வேதாசலம் எதிரில் போய் நின்றார். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் பெயரை மட்டும் சொன்னார்.

"தக்பா."

ஜெபமாலை நின்றது. கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்து, தரையிலிருந்து சின்ன உயரத்தில் பிடித்துக் காட்டினார். குழந்தையின் உயரம்.

வேதாசலத்துக்குப் புரிந்தது. தன் கையைத் தூக்கித் தன் காதளவுக்குக் காட்டினார்.

கிழவர் அந்தக் கையைப் பார்த்தார். அது ஏதோ பெரிய அதிசயம் போல வாய்விட்டுச் சிரித்தார். பல் ஒன்றும் இல்லை. சுவரைப் பிடித்து எழுந்தார். வேதாசலத்தைத் தாண்டி, அவர் வந்த வழியைப் பார்த்தார். முகட்டைப் பார்த்தார். பாலத்தின் மேல் நடந்து, நடுவில் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேதாசலம் பின்னாலேயே ஓடினார். அவன் வர மாட்டான் என்று தமிழில் சொன்னார். ஆங்கிலத்தில் சொன்னார். கையை ஆட்டிக் காட்டினார். கிழவர் தலையை ஆட்டி, அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். பிறகு மறுபடியும் முகட்டைப் பார்க்கத் தொடங்கினார்.

காற்று பலமாக அடித்தது. கிழவரின் உடை படபடத்தது. வேதாசலம் தன் சிவப்புக் கம்பளிச் சால்வையை எடுத்து அவர்மேல் போர்த்தினார். கிழவர் அதைக் கவனிக்கவில்லை.

ஏறி வரும்போது வேதாசலம் பல தடவை திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் பாலத்தின் நடுவில் அந்தச் சிவப்புப் புள்ளி இருந்தது.

முகட்டுக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தக்பா கொஞ்சம் தள்ளி, சரிவில் கழுதையை மேயவிட்டு, பள்ளத்தாக்குக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா தேநீர் வைத்துக்கொண்டிருந்தார். வேதாசலம் மூச்சு வாங்க அவர் எதிரில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். குழந்தையின் உயரத்தைக் காட்டிய கையைச் சொல்லும்போது, தானும் கையைக் கவிழ்த்துத் தரையருகே பிடித்துக் காட்டினார். பிறகு சொன்னார்.

"இருக்காரான்னு பார்க்கத்தாம்மா போனேன். இப்ப அவர் காத்துக்கிட்டு நிக்கிறார்."

"ம்."

"நீங்க தக்பாகிட்ட சொல்லிடுங்களேன். போகச் சொல்லி."

"பார்த்தது நீங்க. நீங்க சொல்லுங்க. நான் இந்தியில சொல்றேன்."

வேதாசலம் தக்பாவின் முதுகைப் பார்த்தார். அந்த முதுகு அசையவில்லை. எழுந்தார். மறுபடியும் உட்கார்ந்தார்.

"காலையில அவரைப் பொய்யன்னு சொன்னவன் நான். இப்ப நானே போய், உங்க குரு சிரிச்சாரு, உங்களுக்காக நிக்கிறாருன்னு சொன்னா, நம்புவாராம்மா?"

அம்மா அடுப்பை அணைத்தார்.

"தெரியாது சார். ஆனா, அந்தப் பெரியவர் பாலத்துல நின்னுட்டிருக்கார்."