ஆளவந்தார் புழு

விலங்கியல் பேராசிரியர் ஆளவந்தார் குளத்துத் தண்ணீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கறுப்பாக, வளைவாக ஒரு புழு தெரிந்தது. உலகமே காணாத புழு என்று சொல்லி, அதற்குத் தன் பெயரையே வைத்தும்விட்டார். உடனே ஸ்லைடு கழுவும் அட்டெண்டர் பூவாயியைக் கூப்பிட்டார்.

"பதினொரு மணிக்குப் பிரின்சிபால் வர்றார். அதுக்குள்ள இதே மாதிரி இன்னொண்ணு பிடிச்சு வை. இல்லேன்னா நாளையிலேருந்து வேலைக்கு வராதே."

பூவாயி குனிந்து பார்த்தாள். லென்ஸுக்கு அடியிலிருந்த ஸ்லைடை லேசாக நகர்த்தினாள். பாசி நகர்ந்தது, புழு அசையவில்லை.

"ஒண்ணு என்னங்கய்யா, ஒம்பதுகூடக் காட்டுறேன்."

பிரின்சிபால் வந்ததும் வேறொரு ஸ்லைடைக் கிளிப்பில் செருகினாள். ஆளவந்தார் பார்த்ததும் துள்ளினார்.

"இதோ, அதே புழு!"

"அது காலி ஸ்லைடுங்கய்யா. இப்பத்தான் கழுவித் துடைச்சேன்."

பிரின்சிபால் குனிந்தார். பூவாயி கண் வைக்கும் லென்ஸைத் திருகினாள். புழுவும் கூடவே சுற்றியது. அந்த லென்ஸைத் துணியால் துடைத்து நீட்டினாள். துணியில் ஒரு முடி. அடியில் நரை, நுனியில் சாயக் கறுப்பு.

பிரின்சிபாலின் பார்வை ஆளவந்தாரின் புருவத்துக்குப் போனது.

"பேரு சரியாத்தான் வச்சிருக்கீங்கய்யா," என்றாள் பூவாயி. "உங்களோடதுதான்."