திராட்சைக் கொடியைத் திருடியது யார்?

"கம்பெனியில ஒரு திருடி இருந்தா, தாயே. நேத்து வெளிய அனுப்பிட்டேன். அவளுக்குக் கூட்டு யாருன்னு தெரியணும்."

சொன்னவர் தாணுலிங்கம். கையால் பூவேலை செய்த மேசை விரிப்புகளை வெளிநாட்டுப் பணக்காரர்களுக்கு அனுப்புகிற கம்பெனியின் முதலாளி. மருந்துவாழ் மலையடியில் தங்கியிருந்த துறவியம்மாவிடம் அடிக்கடி வருவார். வயதில் அம்மா அவரைவிடச் சின்னவர்.

"என்ன திருடினா?"

"எங்க திராட்சைக் கொடி டிசைன. நாகர்கோவில்ல ஒருத்தன் அப்படியே தச்சு விக்கான்."

"அவதான்னு எப்படித் தெரியும்?"

"அந்தப் பிரகாசிக்குத்தான் எல்லாரையும் விட வேல நல்லாத் தெரியும். தெரிஞ்சவதான திருடுவா?"

துறவியம்மா எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போனார். தாணுலிங்கம் விடவில்லை.

"நானும் சும்மா இருக்கல. ஆறு மாசம் முன்னாலயே ஒருத்திக்கு இலை, ஒருத்திக்குப் பழம், ஒருத்திக்குத் தண்டுன்னு பிரிச்சுக் குடுத்தேன். யாருக்கும் முழுசாத் தெரியக் கூடாதுல்லா?"

"பொறவு?"

"ஒவ்வொருத்தி கையும் நூலை ஒவ்வொரு மாதிரி இழுக்கும். துணி சுருங்கிப் போச்சு. வாங்கினவன் திருப்பி அனுப்பிட்டான்."

எனக்கென்றால் சிரிப்பு வந்திருக்கும். துறவியம்மா சிரிக்கவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்தார். தாணுலிங்கம் தம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். எல்லாரையும் சந்தேகப்பட்டு மனுஷனுக்கு அது பழக்கமாகிவிட்டது.

"அந்தக் கொடி உங்களுக்கு எப்படி வந்தது?"

அவர் முகம் மலர்ந்தது. கம்பெனி வரலாற்றைச் சொல்லச் சொன்னால் சாப்பாடுகூட வேண்டாம் அவருக்கு.

"எங்க அம்மா கெட்டிக்காரி, தாயே. கன்னியர் மடத்துல பாத்திரம் தேய்க்கப் போனவ. தையல் கூடத்து ஜன்னல் வழியா அந்தக் கொடியப் பாத்துப் பாத்தே மனசுல ஏத்திக்கிட்டா. வீட்டுல வந்து தச்சா. கம்பெனி அதுலதான் தொடங்கிச்சு."

"டிசைன் வெளிய போனதுக்கு மடத்துல யாரைச் சந்தேகப்பட்டாங்க?"

"ஞானப்பூன்னு ஒருத்திய. அங்க அவ கைதான் ஒசத்தி. அதனால அவள வெளிய அனுப்பிட்டாங்க. பாவம், கஞ்சிக்கு வழியில்லாம நின்னா. எங்க அம்மாதான் இரக்கப்பட்டு அவள வேலைக்கு..."

எத்தனையோ விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொன்ன கதை. இன்றைக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது.

எழுந்தார். வாசல்வரை போய் நின்றார்.

"பிரகாசிக்கு வீடு எங்கன்னுகூட எனக்குத் தெரியாது, தாயே."

"வழி கேட்டுப் போங்க" என்றார் துறவியம்மா.