கேட்டை ஒட்டிய பஜ்ஜிக் கடை

ஒரு காட்டில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நிஜமாகவே ஓடியது! தண்டவாளத்தைச் சாலை கடக்கும் இடத்தில் ஒரு கேட். அதைத் திறந்து மூடுவது தனக்கோடி என்ற நாரையின் வேலை. கேட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைக் கல் இருந்தது. அந்தக் கல்லுக்கும் கேட்டுக்கும் நடுவே யாரும் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது காட்டுச் சட்டம்.

அங்கே குப்பாண்டி என்றொரு நரி தள்ளுவண்டியில் பஜ்ஜி விற்றது. பொல்லாத ஆசைக்கார நரி! கேட் மூடினால் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும், நிற்கிறவர்களுக்குப் பசிக்கும் என்பதை அது கண்டுகொண்டது. மனைவி அங்கம்மா குட்டிகளோடு தாய்வீடு போயிருந்த சமயம் பார்த்து, கேட்டை ஒட்டியே கடையைப் போட்டுவிட்டது.

நாரை ஓடி வந்தது. "குப்பாண்டி, வண்டியை எடுப்பா. இங்கே நிறுத்தக் கூடாது."

"சக்கரம் வச்ச வண்டிதானே அண்ணே? அவசரம்னா ஒரு தள்ளு தள்ளினா போச்சு. இந்தாங்க, வாழைக்காய் பஜ்ஜி."

"நான் மீன்தானப்பா சாப்பிடுவேன்."

"அதனாலென்ன, நாளைக்கு மீன் பஜ்ஜி போட்டுட்டாப் போச்சு!"

பாவம், நாரைக்கு அதட்டத் தெரியாது. ரயில் வரும் நேரமாகிவிடவே, முணுமுணுத்துக்கொண்டே கேட்டுக்குப் போய்விட்டது.

வியாபாரம் அமோகம். நரி சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தது. கேட் கம்பத்தில் கயிறு கட்டிப் பந்தல் இழுத்தது. பஜ்ஜி தின்ன வந்தவர்கள் எதிர்ப்பக்கம் வண்டிகளை விட்டார்கள். சாலை ஒடுங்கிப்போனது.

ஒருநாள் மாலை. தின்னிக் கரடி ஒன்று, ஓரத்தில் இடமில்லை என்று தன் மாட்டுவண்டியை நடுச்சாலையிலேயே விட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தது. அதே நேரம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கழுதை வண்டி வந்து ஏறியது. முன்னால் போக வழியில்லை. பின்னால் வேறு வண்டிகள் வந்து அடைத்துக்கொண்டன. நட்டநடுத் தண்டவாளத்தில் வண்டி நின்றுவிட்டது.

கூ... என்று ரயில் ஊதியது.

நாரை கேட்டை மூட முடியாமல் சிவப்புக் கொடியோடு தண்டவாளத்தில் ஓடியது. நரி கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்தது. வண்டியில் இருந்தது யார் தெரியுமா? அங்கம்மா! மூட்டைகளுக்கு நடுவே மூன்று குட்டிகளும் தூங்கிக்கொண்டிருந்தன.

நரி கரண்டியை வீசி எறிந்தது. "ஐயோ! கரடியண்ணே, வண்டியை எடுங்க!"

"இன்னும் சட்னியே வரலையேப்பா" என்றது கரடி.

நரி தன் கடையைத் தள்ளியது. அசையவில்லை. அது கொடுத்த முட்டு அப்படி! கற்களை உதைத்துத் தள்ளியது. பந்தல் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தது. "என் பிள்ளைங்க! என் பிள்ளைங்க!" என்று அலறிக்கொண்டே தோள்கொடுத்துத் தள்ளியதில் அடுப்பும் மாவுமாகக் கடை பள்ளத்தில் குடைசாய்ந்தது. கிடைத்த இடைவெளியில் கழுதை பாய்ந்து வெளியே வந்தது. பின்னாலிருந்த வண்டிகள் பதறி ஒதுங்கின. நாரை பறந்து வந்து கேட்டைச் சாத்தியது. தடதடவென்று ரயில் கடந்து போனது.

அங்கம்மா குட்டிகளை வாரி எடுத்துக்கொண்டு இறங்கினாள். கண்ணெல்லாம் நெருப்பு.

"வழியிலே கடையைப் போட்ட படுபாவி எவன்? அவன் வீட்டிலே பிள்ளைகுட்டி கிடையாதா?"

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள். தலைமுதல் வால்வரை கடலைமாவு வழிய நின்ற நரி, கடைசிக் குட்டியைக் கை நீட்டி வாங்கிக்கொண்டது.

"மூணு பேர் இருக்காங்க, அங்கம்மா" என்று சொல்லி ஓவென்று அழுதது.

நீதி: பொது வழியை மறித்து நிற்பவன், தன் வீட்டார் வரும் வழியையும் சேர்த்தே மறிக்கிறான்.