முப்பதாவது முத்திரை

நீலமங்கலத்து ராஜா வீரகுமார ராயர் ஒருநாள் சபையில் சும்மா ஒரு கேள்வி கேட்டார். "நம் நாட்டுப் பெண்கள் நாற்று நடும்போது என்ன பாடுகிறார்கள்?"

சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "குடிகளின் வாழ்க்கை தெரியாத உங்களை வைத்துக்கொண்டு நான் என்ன ஆட்சி செய்வது?" என்று கத்தினார்.

கலாசாலைத் தலைவர் திரிலோகசுந்தரர் சட்டென்று எழுந்தார். "அதற்கென்ன மகாராஜா? 'குடிவழக்கம்' என்று ஒரு பாடம் வைத்துவிடலாம். கலாசாலை மண்டபத்தில் சொற்பொழிவு, கூத்து, பாட்டுக் கச்சேரி எல்லாம் நடத்துகிறோம். வந்து கேட்டவர் ஏட்டில் ஒரு அரக்கு முத்திரை. வருஷத்துக்கு முப்பது முத்திரை சேர்த்தால் குடிகளை அறிந்தவர். சேர்க்காதவருக்குச் சபையில் இடமில்லை."

ராஜா தலையாட்டினார். ஆணையும் போட்டாயிற்று.

அதற்கப்புறம் மண்டபம் நிரம்பி வழிந்தது. முத்திரை போடும் மேஜை வாசலில், நிகழ்ச்சி முடியும் நேரத்துக்குத்தான் வரும். அதனால் எல்லாரும் உள்ளே வந்ததும் நல்ல தூணாகப் பார்த்துச் சாய்ந்துகொள்வார்கள். குழல் கச்சேரியில் கைதட்டல் கூரையைப் பிளந்தது. வித்வான் பூரித்துப் போனார். பாவம், அந்த நேரம் பார்த்து வாசலில் மேஜையைக் கொண்டுவந்து வைத்தது அவருக்குத் தெரியாது.

முத்திரை போடுகிற காவலன் ஏட்டைப் பார்ப்பானே தவிர ஆளைப் பார்க்க மாட்டான். பெரிய மனிதர்கள் பல்லக்குத் தூக்கியிடம் ஏட்டைக் கொடுத்தனுப்பினார்கள். பழைய தானாதிபதி ஒருவர் காலமாகி, கருமாதியும் முடிந்த பிறகு அவர் ஏட்டில் நாலு முத்திரை ஏறியிருந்தது. படிப்பில் அவ்வளவு ஆர்வம்!

சபையின் விகடகவி மாசிலாமணி மட்டும் கண் கொட்டாமல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் குணம் அப்படி. இருபத்தொன்பது முத்திரை சேர்ந்தது. வருஷக் கடைசியில் முப்பதாவது நிகழ்ச்சியை அறிவித்தார்கள். 'கண்மாய் மீன்பிடித் திருவிழா' என்று சொற்பொழிவு. பேசுகிறவர் கண்மாயைச் சித்திரத்தில் மட்டுமே பார்த்தவர்.

அதே நாளில் பக்கத்துக் கீழக்குடியில் நிஜமாகவே மீன்பிடித் திருவிழா. மாசிலாமணிக்குக் கால் நிற்கவில்லை. நேரே கீழக்குடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் சபையில் ஏடுகளை எண்ணினார்கள். திரிலோகசுந்தரருக்கு மாசிலாமணியைக் கண்டாலே ஆகாது. வாய் கொள்ளாத சிரிப்போடு எழுந்தார்.

"மகாராஜா, எல்லாரிடமும் முப்பது. மாசிலாமணியிடம் ஒன்று குறைகிறது. மீன்பிடித் திருவிழாவுக்கு இவர் வரவில்லை."

"போயிருந்தேனே!" என்றார் மாசிலாமணி. "முழங்கால் சேறு இன்னும் முழுசாகப் போகவில்லை."

"சேற்றுக்கெல்லாம் ஏட்டில் இடமில்லை, ஐயா."

மாசிலாமணி சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். இருபது வருஷமாக உட்கார்ந்த சபை. இதை விட்டால் அவருக்கு வேறு போக்கிடமும் கிடையாது.

ராஜாவுக்கும் மனசு கேட்கவில்லை. "சரி, நேற்றுச் சொற்பொழிவு கேட்டவர்கள் சொல்லுங்கள். அந்தத் திருவிழா எப்படித் தொடங்கும்?"

"பூஜையோடு" என்றார் ஒருவர். "முரசு கொட்டி" என்றார் இன்னொருவர். "மிக நன்றாகத் தொடங்கும்" என்றார் திரிலோகசுந்தரர்.

"மாசிலாமணி, நீர் சொல்லும்."

"ஊர்ப் பெரியவர் மடைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார், மகாராஜா. அதுவரை ஊரே வலையும் கூடையுமாகக் கரையில் நிற்கும். ஒருத்தர் கால் தண்ணீரில் படாது. துண்டு ஆடியதும் ஒரே பாய்ச்சல்! பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்புதான் வைக்க வேண்டும். நேற்று முன்பின் தெரியாத ஒரு வீட்டில் என்னை உட்காரவைத்துச் சோறு போட்டார்கள்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. திரிலோகசுந்தரர் அசைந்து கொடுக்கவில்லை. "தெரிவது வேறு, மகாராஜா, முத்திரை வேறு. ஆணை தங்களுடையது. ஆளுக்கு ஆள் மாற்றினால் நாளைக்கு யார் மதிப்பார்கள்?"

ராஜா பெருமூச்சு விட்டார். ஓலைக்காரர் ஆணையை உரக்கப் படித்தார்: "இச்சபையில் வீற்றிருப்போர் எவராயினும், முப்பது முத்திரை இல்லையேல், இன்றே சபை நீங்கக் கடவர்."

மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டார். எல்லாரையும் கும்பிட்டார். வாசல்வரை நடந்தவர், நிலைக்கு அருகில் ஒதுங்கி நின்றுகொண்டார்.

"இன்னும் என்ன?" என்று சீறினார் திரிலோகசுந்தரர். "வெளியே போகலாமே!"

"எப்படிப் போவது? ராஜா எழுந்து போகாமல் மற்றவர் வாசலைத் தாண்டக் கூடாது என்பது இந்தச் சபையின் மரியாதை அல்லவா? மகாராஜாவுக்காகக் காத்திருக்கிறேன்."

"நான் எங்கே போகிறேன்?" என்றார் ராஜா.

"நான் இருபத்தொன்பது முத்திரைக்காரன், மகாராஜா. எனக்கே வெளியே போகும்படி ஆணை. தங்களிடம் எத்தனை இருக்கிறது?"

ராஜா சிம்மாசனத்தில் நெளிந்தார். "என்னிடம் ஏடே கிடையாதே!"

திரிலோகசுந்தரர் பதறிப்போனார். "மகாராஜாவுக்கு முத்திரை எதற்கு? அவர் முத்திரை இல்லாமலே எல்லாம் அறிந்தவர்!"

"அப்படி வாரும் வழிக்கு!" என்றார் மாசிலாமணி. "முத்திரை இல்லாமலும் அறியலாம் என்று நீரே சொல்லிவிட்டீர். நான் உள்ளே வரட்டுமா, இல்லை மகாராஜா வெளியே வரட்டுமா?"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. மாசிலாமணியைக் கையைப் பிடித்து அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தார். தம் தோளிலிருந்த பட்டுச் சால்வையை அவருக்குப் போர்த்தினார். ஆணை ஓலையை இரண்டாகக் கிழித்துப் போட்டார்.

பிறகு திரிலோகசுந்தரர் பக்கம் திரும்பினார். "அடுத்த வாரம் மேலக்குடிக் கண்மாயில் மீன்பிடி. நீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கினால்தான் பதவி."

திரிலோகசுந்தரர் பணிவாகக் கைகட்டிக்கொண்டு கேட்டார்: "உத்தரவு மகாராஜா. அதற்கு எத்தனை முத்திரை?"