பாடம் நடத்திய தொழுகண்ணி

நாட்டின் பெயர் நமக்கு வேண்டாம். அங்கே ஓர் அரசரும், அவரைச் சிரிக்கவைக்கக் கொழுந்துவேலன் என்றொரு விகடனும் இருந்தார்கள். அரண்மனைப் பள்ளியில் மூலிகைப் பாடம் தொடங்கினால் போதும், நாற்பது பிள்ளைகளும் உறங்கிவிடுவார்கள். ஒருநாள் பார்வையிடப் போன அரசரும் அவர்களோடு சேர்ந்து குறட்டை விட்டார். விழித்ததும் கோபம் வந்தது.

“தூங்குவதற்கு ஒரு பாடமா? அதற்கொரு தோட்டம் வேறா?”

“அந்தத் தோட்டத்தைக் குதிரை லாயமாக்கிவிடலாம், அரசே” என்றார் விகடனைக் கண்டாலே ஆகாத குதிரைப் படைத் தலைவர் வல்லபராயர். விகடனின் உயிரே அந்த மூலிகைத் தோட்டத்தில்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

“தூங்கவைப்பது செடி அல்ல, அரசே, பேச்சு!” என்று பதறினான் கொழுந்துவேலன்.

“அப்படியானால் செடியே பாடம் நடத்தட்டுமே” என்று ராயர் இளித்தார்.

அரசருக்கு அது பிடித்துவிட்டது. “ஆகட்டும்! நாளை மறுநாள் செடிதான் ஆசிரியர். பாடம் முடியும்வரை நீ வாயைத் திறக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது. ஒரு பிள்ளை உறங்கினாலும் தோட்டம் குதிரைகளுக்கு.”

கொழுந்துவேலனிடம் தொழுகண்ணி என்ற செடி இருந்தது. அதன் பெரிய இலை ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு குட்டி இலைகள். யாரும் தொடாமலே அவை கும்பிடுவதுபோல ஏறி இறங்கும். தொட்டியோடு தூக்கிவந்து வகுப்பில் வைத்துப் பார்த்தான். அசையவில்லை. வெயிலில் வைத்தான், ஆடியது. மறுபடி வகுப்பில் வைத்தால், கல்போல நின்றது.

என்ன கோளாறு? யோசித்தபடி சுவரில் சாய்ந்தான். முதுகு சில்லிட்டது. கருங்கல் சுவர், போதாததற்கு ஆற்றங்காற்று.

“அட, உனக்குக் குளிருதா?” என்றான் செடியிடம். நேரே ராயரிடம் போனான்.

“ஐயா, ஜன்னல்களை மட்டும் திறந்து வைக்கச் சொல்லுங்கள். சாத்திவிட்டால் என் கதி அதோகதி!”

குறித்த நாளில் அரசர் வந்ததும், செடியை ஆசிரியர் அமரும் பலகையில் அமர்த்திவிட்டுப் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தான். ராயர் ஒரு ஜன்னல் விடாமல் சாத்தினார்.

“காற்றில் ஆட்டிக் காட்டப் பார்த்தான், அரசே!”

அறை இருண்டது. ராயரே பன்னிரண்டு குத்துவிளக்குகளை ஏற்றச் செய்தார். செடி அசையவில்லை.

“ஆசிரியரும் தூங்குகிறாரோ?” என்று ராயர் சிரித்தார். பிள்ளைகளின் தலைகள் சாயத் தொடங்கின. அரசர் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

“ஐயோ, கும்பிடுது!” என்று கத்தினாள் ஒரு சிறுமி.

“யாருடி ஆட்டுறா?”

“காத்தே இல்லையே!”

“இந்தப் பக்கத்து இலை இறங்குது பாரு!”

நாற்பது பிள்ளைகளும் செடியைச் சூழ்ந்துகொண்டார்கள். ராயர் நூல் கட்டியிருக்கிறதா என்று தேடினார், இல்லை. பாட நேரம் முடியும்வரை ஒரு பிள்ளையும் கண்ணயரவில்லை.

“இப்போது பேசு. எப்படி ஆடுகிறது?” என்றார் அரசர், செடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இது சூட்டில்தான் சுறுசுறுப்பாக ஆடும், அரசே. நான் எதையும் தொடவில்லை. குளிர்காற்றைத் தடுத்து, விளக்கேற்றி, அறையைச் சூடாக்கிய புண்ணியவான் ராயர்தான்!”

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். தோட்டத்தைக் கொழுந்துவேலன் பொறுப்பிலேயே விட்டு, தம் முத்துமாலையையும் கழற்றி அவனுக்கு அணிவித்தார். அன்றுமுதல் தொழுகண்ணி பாடம் நடத்தும் நாளெல்லாம் ஜன்னல் சாத்தி விளக்கேற்றுவது ராயரின் வேலை. அறை சூடாகும், இலை ஆடும், பிள்ளைகள் விழித்திருப்பார்கள்.