ஓலையில் இல்லாத புள்ளி

வேம்பனூர் அரசர் சொக்கதேவருக்குக் கோபம் வந்தால் நாலு நாளைக்குக் குறையாமல் தங்கும். யோசனை வந்தால் அரை நாழிகைகூடத் தங்காது. அந்த அரை நாழிகைக்குள் காரியத்தை முடித்துக்கொள்ளத் தெரிந்தவர் அரண்மனையில் ஒரே ஒருவர், அரசருக்கு ஓலை வாசிக்கும் பூவணர்.

அந்த ஊரில் மருதவாணன் என்று ஒரு நெசவாளி. தறியில் உட்கார்ந்தபடியே பாட்டுக் கட்டிப் பாடுகிறவன். அந்த வருஷம் கட்டிய பாட்டை மட்டும் அவன் வாய்விட்டுப் பாடவில்லை. ஓலையில் எழுதி, பத்துப் படி எடுத்து, தேர்த் திருவிழாவில் வந்தவர் போனவர் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். வாங்கியவர்களில் ஏழு பேருக்கு எழுத்தே தெரியாது. இரண்டு பேர் வெயிலுக்கு விசிறிக்கொண்டார்கள். பத்தாவது ஓலை கோயில் மணியக்காரர் ஆபத்சகாயத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. சனி பிடித்தது அங்கேதான்.

‘கோயில் பொய். நின்று குறை சொன்னேன். சாமி கெட்டவன்.’

இப்படி ஒரு வரியைப் படித்ததும் மணியக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்துவிட்டு, அநியாயத்தைப் பாருங்கள் என்று வீட்டுக்கு வீடு போய் உரக்கப் படித்துக் காட்டினார். வீட்டில் இல்லாதவர்களுக்காகச் சந்தையில் நின்று இன்னொரு தடவை. சாயங்காலத்துக்குள் பால்குடி மறக்காத பிள்ளைகூட அந்த வரியைச் சொல்லிற்று. அப்புறம் ஊர் கம்பும் கையுமாக நெசவாளர் தெருவுக்குள் நுழைந்து மருதவாணன் தறியை ஒடித்தது. அவனைக் காவலர்கள் பிடித்துக்கொண்டு போனது, உயிர் பிழைக்கச் செய்த உபகாரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அரசருக்கு வந்த கோபத்தில் உடனே ஆணை பிறந்தது. ‘நம் சாமியைக் கெட்டவன் என்று சொன்ன நாக்கை நாளை உச்சிவேளையில் அறுக்க வேண்டியது.’ முத்திரையும் விழுந்தது. முத்திரை விழுந்ததை மாற்றுகிற வழக்கம் அந்த வம்சத்திலேயே கிடையாது.

பூவணருக்கு மனசு பொறுக்கவில்லை. ஒரு பாட்டு பிடிக்காவிட்டால் கேட்காமல் இருந்துவிட்டுப் போவது. அதற்கு ஒருவன் நாக்கு எதற்கு? இதை அரசரிடம் சொன்னால் அறுபடும் இரண்டாவது நாக்கு தம்முடையது என்பதும் அவருக்குத் தெரியும். மருதவாணனின் ஓலையை வாங்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

மறுநாள் சபையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நடுவில் மருதவாணனைக் கட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒரு மூலையில் தலையாரி கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். தண்டனைக்கு முன் குற்றத்தை ஒரு தடவை காதால் கேட்டுவிடுவோம் என்றார் பூவணர். அரசர் தலையாட்டினார். மணியக்காரர் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த வரியை முழங்கினார்.

பூவணர் கேட்டார்: “கெட்டவன் என்பதில் ‘கெ’ குறில். பொய் என்பதில் ‘பொ’ குறில். குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவம் ஒன்றுதான்; குறிலுக்குத் தலையில் புள்ளி வேண்டும், இல்லாவிட்டால் நெடில் என்பது இலக்கணம். இந்த ஓலையில் அந்தப் புள்ளிகள் எங்கே?”

மணியக்காரர் சிரித்தார். “ஓலை வாசித்தே நரைத்தவர் கேட்கிற கேள்வியா இது? எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும். அதனால் யாரும் வைப்பதில்லை. வாசிக்கிறவன்தான் இடம் பார்த்துப் புள்ளி வைத்துக்கொள்வான்.”

“அப்படியானால் இந்த இரண்டு புள்ளிகளையும் வைத்தது யார்?”

“நான்தான்,” என்றார் மணியக்காரர் பெருமையாக.

பூவணர் அரசர் பக்கம் திரும்பி, அந்த இரண்டு புள்ளிகளையும் எடுத்துவிட்டு வாசித்தார். ‘கோயில் போய் நின்று குறை சொன்னேன். சாமி கேட்டவன்.’



“மருதவாணன் வாயே திறக்கவில்லை, அரசே. ஆணையில் எழுதிய கை என்று இல்லை, சொன்ன நாக்கு என்றுதான் இருக்கிறது. முதலில் சொன்ன நாக்கு இதோ நிற்கிறது. மற்றவர்கள் இதனிடம் கேட்டுச் சொன்னவர்கள்.”

கூட்டத்தில் பாதிப் பேர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலையாரி தீட்டுவதை நிறுத்திவிட்டு மணியக்காரரைப் பார்த்தான். மணியக்காரருக்கு இலக்கணம் முழுவதும் ஒரே நொடியில் ஞாபகம் வந்துவிட்டது. கண் மங்கல், தவறாக வாசித்துவிட்டேன் என்று ஓலையைப் பிடுங்கி, “கோயில் போஒஒய் நின்று… சாமி கேஏஏட்டவன்” என்று நீட்டிய நீட்டில் அவருக்கே கண்ணீர் வந்தது. தறியை ஒடித்தவர்கள் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அரசருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. “டேய் மருதவாணா, மறைக்காமல் சொல். நீ எழுதியது கேட்டவனா, கெட்டவனா?”

பூவணர் கையிலிருந்த ஓலையை மறுபடி பார்த்தார். புள்ளி இல்லாத ஓலை இந்தக் கேள்விக்கு உதவாது.

மருதவாணன் தலைநிமிர்ந்தான். “ஆனி மாசம் என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் விஷக்காய்ச்சலுங்க. ரெண்டு பேருக்காகவும்தான் கோயில்ல போய் நின்னேன். பெரியவ பிழைச்சுட்டா. சின்னவன் போயிட்டான்.”

  மணியக்காரருக்கு இது பதிலாகப் படவில்லை. எப்படியும் ஒரு பக்கமாக முடிவு செய்துவிடுவது நல்லது, அரசரே தம் கையால் புள்ளி வைக்கட்டும் என்றார். அரசரும் எழுத்தாணியை எடுத்துவிட்டார்.

பூவணர் ஓலையின் மேல் கையை வைத்து மறைத்தார். “வேண்டாம், அரசே. எழுத்தாணியால் குத்தினால் ஓலைதான் கிழியும். மணியக்காரர் ஒரு நாள் வாயால் குத்தியதற்கே ஊர் கிழிந்துவிட்டது.”

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். மருதவாணனை விடுவித்தார். தவறாக வாசித்ததாக ஒப்புக்கொண்டதால் மணியக்காரர் நாக்கை இந்தத் தடவை விட்டுவைத்தார், முத்திரை விழுந்த ஆணையை மட்டும் மாற்றவில்லை. ஒடித்தவர்களே புதுத் தறி செய்து கொடுக்கவேண்டும் என்றார். பூவணருக்குத் தம் எழுத்தாணியையே பரிசாகக் கொடுத்தார். பாட்டை ஊரெல்லாம் பரப்பியவர் மணியக்காரர்தான். ஆகவே இனி வருஷா வருஷம் திருவிழாவில் அதைச் சந்நிதியில் வாசிக்கும் பொறுப்பும் அவருக்கே என்று முத்திரை போட்டார்.

மணியக்காரர் பூவணரின் காதோரம் குனிந்து, எந்த மாதிரி வாசிப்பது என்று கேட்டார்.

“உம் இஷ்டம், மணியக்காரரே,” என்றார் பூவணர். “நாக்கு உம்முடையதுதானே.”